எங்கள் வீட்டுக்கு ஏன் பெட்டி முறை இல்லை என்று கேட்ட அக்கா

கோச்சடையில் இரண்டு மாடி வீடு. காளவாசலில் ஆறு கடைகள் கொண்ட கட்டடம். ஊருக்கு வெளியே ஹாலோபிளாக் பட்டறை. கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குச் சுற்றுச்சுவர், தகரக் கொட்டகை, வாசலில் வளைவு. இவ்வளவையும் கட்டியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சாந்துச் சட்டி சுமந்து தொடங்கினேன். முதல் பிளாக் அச்சு வாங்கியபோது, "இவன் ஆறு மாசம் தாங்க மாட்டான்" என்று சொன்னவர்களில் நான்கு பேராவது இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். இருக்கட்டும். நல்லா இருங்கள்.

அக்காவின் நினைவு மலரில் இதெல்லாம் எதற்கு என்று என் மகள் கேட்டாள். "அத்த பொறந்ததுலருந்து ஆரம்பிங்கப்பா, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றாள். ஆரம்பிக்கிறேன். ஆனால் முதலில் என் கதையை எழுதக் காரணம் இருக்கிறது. எனக்கு முன்னால் எங்கள் வம்சத்தில் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் என்னோடுதான் தொடங்கியது என்று நான் வாய் ஓயாமல் சொல்லி வந்தேன். அக்கா தம் கடைசிக் காலத்தில் தேடிய தேடல் முழுவதும் அந்தப் பேச்சில் இருந்துதான் கிளம்பியது.

அக்கா பிறந்தது கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில். நான் மூன்று வயது இளையவன். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்தவர்கள். சொந்தமாக ஒரு பாத்தி நிலம் கிடையாது. செங்கல் சூளை வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, எங்களைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தார்கள். நான் படிப்பை விட்டேன். அக்கா விடவில்லை. விடுதியில் தங்கிப் படித்து, எங்கள் சனத்தில் முதன்முதலாகப் பத்தாவது தேறியவர் அக்காதான். பிறகு தபால் பிரிக்கும் இடத்தில் வேலை கிடைத்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார்கள்.

அக்காவின் கண் தனிக் கண். கோழி கிளறிய மாதிரி எழுதிய முகவரியையும் படித்துவிடுவார்கள். யாருக்கும் புரியாத உறைகளைத் தனியாக எடுத்து வைத்து, வேலை முடிகிற நேரத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களாம். "ஆளு இல்லாமக் கடுதாசி எழுத மாட்டாங்கடா. எங்கயோ ஒருத்தர் இருக்காரு, நமக்குத்தான் தெரியல" என்பார்கள். கோபம் வராது. ஒருவர் வீட்டுக் கதையை இன்னொருவர் வீட்டில் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால், பல்லில் மாட்டிய நார் மாதிரி, எடுக்கும் வரை விட மாட்டார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அக்காவுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும்போது கொட்டாம்பட்டியில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம். மாப்பிள்ளையை அக்காவும் கோயிலில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்களும் எங்கள் குலதெய்வத்தையே கும்பிடுகிறவர்கள். ஒரே சாமி என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை, பெண் எடுக்கவும் முடியாது கொடுக்கவும் முடியாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு ஆம்பளை நான். மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். "தம்பி, நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல, ஒங்க தாத்தா வழியில ஒரு..." என்று அவர் தொடங்கும்போதே நான் எழுந்துவிட்டேன். "ஒரே கருப்பசாமிய கும்பிட்டுக்கிட்டு என் அக்காவப் பொண்ணு கேக்க வந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல? தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றேன். தெருவே கேட்டது. அக்கா உள்ளே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவை ஒன்றும் கூடி வரவில்லை. அக்கா என் வீட்டு மாடியிலேயே, என் பிள்ளைகளுக்கு அத்தையாகவே இருந்துவிட்டார்கள். அக்காவின் சம்பளத்துக்காக நான் தடுத்தேன் என்று சிலர் பேசினார்கள். அது பொய். சாமி காரியத்தில் தப்பு நடக்காமல் தடுத்தேன் என்றுதான் நான் நம்பினேன். பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

இனி பெட்டிக்கு வருகிறேன். எங்கள் கோயிலில் சாமியின் பட்டுத் துணி, சலங்கை, வெள்ளிக் கண் எல்லாம் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். மாசி சிவராத்திரிக்கு ஒருவர் அதைத் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டு வருவார். பங்காளி வீடுகளுக்கு வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை உண்டு. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு தடவையும் வந்ததில்லை. வளைவு கட்டி முடித்த வருடம், இனி மறுக்க முடியாது என்று நினைத்துப் பூசாரியிடம் கேட்டேன். "ஒங்க வீட்டுக்கு மொறை கெடையாதுண்ணே. ஏன்னு எனக்குத் தெரியாது, எங்கப்பா சொல்லிட்டுப் போனது" என்றான். வளைவின் கீழே நின்றுகொண்டே சொன்னான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தும் எனக்கு ஆறவில்லை. அக்கா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்கள்.

"குடுக்கலங்குறத விடு. ஏன் குடுக்கலன்னு யோசிச்சியா?"

"எளக்காரம். கூலிக்காரன் மகன்தானேன்னு எளக்காரம். வேற என்ன?"

"அங்க யாருடா கூலிக்காரன் மகன் இல்ல? எல்லாரும் ஒண்ணாத்தான நாத்து நட்டாங்க. எளக்காரமா இருந்தா ஒன்ன வளைவு கட்ட விட்டிருப்பாங்களா?"

அக்கா சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார்கள். "நம்ம தாத்தா பேரு தெரியும். தாத்தாவுக்கு அப்பா யாருடா?" என்றார்கள். எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதமே அக்கா ஒரு சங்கத்தில் சேர்ந்தார்கள். குடும்பத்து முன்னோர்களைத் தேடுகிறவர்கள் சங்கம். காளவாசலில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். கோயில் குருக்கள் ஒருவர், பள்ளி ஆசிரியைகள், ஒரு பஸ் கண்டக்டர், ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர், இப்படிப் பத்துப் பதினைந்து பேர். சர்வேயர்தான் செயலாளர். அக்காவுக்கு முழங்கால் வலி. படி ஏற ஒரு கை வேண்டும், போக வரக் கார் வேண்டும். அதனால் நானும் போனேன்.

"நெலம் நீச்சு வச்சிருந்தவன் தேடுவான். நமக்கு என்னக்கா இருக்கு தேட?" என்று காரில் கேட்டேன்.

"காணாமப் போனதத்தானடா தேடணும். இருக்குறத எதுக்குத் தேடணும்?"

முதல் நாள் ஆளுக்கு ஒரு பெரிய தாள் கொடுத்தார்கள். மரம் மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. அடியில் வேர் என்று போட்டு ஒரு கட்டம். நான் அதில் என் பெயரை நிறுத்தி எழுதினேன். சர்வேயர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஐயா, வேர்ல ஒங்களையே போட்டுட்டீங்களே?"

"பின்ன? எனக்கு முன்னால யாரு என்ன செஞ்சா?"

"ஒங்களப் பெத்தாங்கள்ல? அதுவாவது செஞ்சாங்களா இல்லையா?"

மாடியே சிரித்தது. அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்தாலும், அடுத்த மாதமும் போனேன். அங்கே ஒரு விதி வைத்திருந்தார்கள். எதையும் முதலில் பென்சிலில்தான் எழுத வேண்டும். எழுத்தில் ஒரு ஆதாரமும், விவரம் தெரிந்த ஒருவர் வாயால் சொன்ன சாட்சியும் கிடைத்தால்தான் மையில் எழுதலாம். அக்காவுக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப்போனது.

அக்கா சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுத் தாத்தாவின் அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். பாதிப் பேர் பயந்துவிட்டார்கள். "எந்த எடத்துல பங்கு கேக்கப் போறீக?" என்று சின்னம்மா ஒருவர் கேட்டார். "எடமே இல்லையே சின்னம்மா" என்றார்கள் அக்கா. "அப்ப எதுக்குத்தா இம்புட்டு வெசாரிக்கிற?" என்று சின்னம்மா போனை வைத்துவிட்டார்.

வழி காட்டியது சர்வேயர். "நெலம் இல்லாதவங்களும் எங்கயோ ஒரு எடத்துல குடிசை போட்டுத்தான படுத்திருப்பாங்க? ஒங்க ஊரு குடிசை மனைக்குப் பத்திரம் இருக்கான்னு பார்ப்போம்" என்றார். அவரே அலைந்து, எங்கள் தாத்தா பிறந்த குடிசை இருந்த மனைக்கு ஒரு பத்திர நகல் எடுத்துக் கொடுத்தார். நான் பார்த்தேன். எறும்பு வரிசையில் மைக்கூடு கவிழ்ந்தது போல இருந்தது. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைவெளி இல்லை, புள்ளி இல்லை. சர்வேயராலேயே இரண்டு வரிக்கு மேல் போக முடியவில்லை. அக்கா சாப்பாட்டு மேசையில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டுகிறார்கள்.

"டேய், சீக்கிரம் வாடா. நம்ம பூட்டன் வந்துட்டாரு!"

துண்டோடு ஓடி வந்தேன். அக்கா விரல் வைத்துப் படித்தார்கள். பெரியான் என்பவர் எழுதிக் கொடுத்தது. தம் உடன்பிறந்த தங்கை வெள்ளையம்மாளுக்கும், அவள் புருஷன், சிறுமலை அடிவாரத்திலிருந்து வந்து தம் வீட்டோடு இருக்கிற சின்னாண்டிக்கும், குடிசை போட்டுக்கொள்ள இந்த மனையை மனப்பூர்வமாகக் கொடுப்பதாக இருந்தது.

"சின்னாண்டி" என்று அக்கா இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்கள். "எம்புட்டு நாளா இந்தப் பேர யாரும் கூப்புடாம இருந்திருக்கோம், பாரு."

எனக்கு முதலில் வந்தது வெட்கம். வீட்டோடு மாப்பிள்ளையா எங்கள் பூட்டன்? யாரிடமும் சொல்லாதே என்றேன். அக்கா காதில் வாங்கவில்லை. "அதான் பெட்டி இல்ல! நாம பொம்பளப் பிள்ள வழிடா. பூட்டியோட சாமியத்தான் இத்தன நாளாக் கும்பிட்டிருக்கோம். பெட்டி ஆம்பள வழிக்குத்தான போகும்" என்று சின்னப் பெண் மாதிரி கை தட்டினார்கள். எளக்காரம் என்று நான் நினைத்த விஷயத்துக்கு இவ்வளவு எளிய காரணம்.

முறை முழுவதும் எனக்கு விளங்க மறுநாள் ஆனது. பட்டறையில் பிளாக்குகளுக்குத் தண்ணீர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். நாம் பெண் வழி என்றால் அவர்கள் பங்காளி இல்லை, மாமன் வீடு. மாமன் வீடு என்றால் பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். அங்கேயே ஒரு பிளாக்கின் மேல் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போனதும் அக்கா இதைப் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "எழுத்து கெடச்சிருச்சு. இனி வாய் வேணும். கொட்டாம்பட்டிக்குப் போவோமா?" என்று மட்டும் கேட்டார்கள்.

கொட்டாம்பட்டியில் பெரியான் வழியில் இன்று மூத்தவராக இருப்பவர், அன்று அக்காவுக்குப் பேசிய அதே மாப்பிள்ளைதான். வேறு யாரிடமும் போக முடியாது. போனோம். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. அவரும் அவர் மனைவியும் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். வாங்க வாங்க என்று எழுந்து நாற்காலி போட்டார். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"எங்க வீட்டுக்கு ஏன் பெட்டி மொறை இல்லைங்குறது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. எங்க பூட்டன் தங்கச்சியத்தான் ஒங்க பூட்டனுக்குக் கட்டிக் குடுத்தது. மேக்க மலையடிவாரத்துலருந்து மாடு ஓட்டிக்கிட்டு வந்தவராம், இங்கயே தங்கிட்டாராம். எங்கப்பா சொல்லுவாரு. நீங்க பொம்பளப் பிள்ள வழி."

அக்கா பையில் இருந்து நோட்டை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டார்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே?"

அவர் கடலைத் தோலைக் கையில் வைத்து நசுக்கினார். "சொல்லத்தான வந்தாரு எங்கப்பா. நீங்க எங்க பேச விட்டீங்க? தட்டத் தூக்குன்னீங்க. வர்ற வழியெல்லாம் 'முழுசாக் கேக்கலையே அந்தப் பய, முழுசாக் கேக்கலையே'ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவிதான் வாய் திறந்தார். "நல்ல வேளண்ணே நீங்க வெரட்டி விட்டீக. இல்லாட்டி நான் எந்தக் காட்டுல களை எடுத்துக்கிட்டிருந்திருப்பேனோ! இந்தத் தோப்பு, வீடு, மூணு பிள்ளைக எல்லாம் நீங்க குடுத்ததுதேன்" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தார்கள். "அப்ப இவனுக்கு இளநி ஒண்ணு சேத்து வெட்டச் சொல்லு" என்றார்கள். இரண்டு பேரும் சமையலறைக்குள் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது.

கிளம்பும்போது, "வாரேன் அண்ணே" என்றேன்.

"அண்ணனா? எழுதி வாங்கிக்கிட்டுப் போறீங்கள்ல? இனிமே மச்சான்னு கூப்புடுங்க மாப்ள."

காரில் மேலூர் தாண்டினோம். பிறகு கேட்டேன். "அக்கா, அன்னைக்கு நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஏன் உள்ளேயே இருந்துட்ட?"

"எனக்கு மட்டும் தெரியுமா என்ன? நீ அம்புட்டுச் சத்தம் போட்டயே. ஒனக்கு எல்லாம் தெரியும்னு நம்பிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர்கள், கொஞ்ச நேரம் கழித்து, "சிறுமலைக்கு எந்தப் பக்கமாடா போகணும்? மாடு ஓட்டிக்கிட்டு வந்தாருன்னா நம்ம சாமி அங்கல்ல இருக்கும்? அது என்ன சாமியா இருக்கும்?" என்றார்கள்.

அடுத்த வாரமே போகலாம் என்று சொல்லியிருந்தேன். மழை, பட்டறை வேலை, பேத்தி கல்யாணம் என்று தள்ளிப்போனது. அதற்குள் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் வந்து பார்த்தவர்களிடமெல்லாம், "சிறுமலைப் பக்கம் ஒங்களுக்கு யாரும் சொந்தம் இருக்காங்களா?" என்று கேட்டார்கள். ஊசி போட வந்த நர்ஸ் திண்டுக்கல் பெண். அவரிடம் அடிவாரத்து ஊர்ப் பெயர்களையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வலியில் துடித்து நான் பார்க்கவில்லை. ஒரு காலைப் பொழுதில், காபி கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்டார்கள்.

பதினாறாம் நாள் முடிந்தபின் நான் தனியாகச் சிறுமலை அடிவாரத்துக்குப் போனேன். மூன்று ஊர்களில் கேட்டேன். சின்னாண்டி என்று பெயர் வைத்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரும் தாத்தா பெயர் என்கிறார்கள். வேறு ஒன்றும் துலங்கவில்லை. இந்த மலரைப் படிப்பவர்களில் யாருக்காவது, மாடு ஓட்டிக்கொண்டு கிழக்கே போய்த் திரும்பி வராத ஒருவரைப் பற்றித் தங்கள் வீட்டில் பேசக் கேட்ட ஞாபகம் இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், அந்தத் திண்டுக்கல் நர்சுக்கும், தினமும் கஞ்சி கொடுத்துவிட்ட கோச்சடைப் பக்கத்து வீட்டாருக்கும், காளவாசல் மாடியில் அக்காவுக்கென்று ஜன்னலோரம் நாற்காலி போட்டு வைத்திருந்த சங்கத்தாருக்கும், துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து பாடைக்குத் தோள் கொடுத்த கொட்டாம்பட்டி மச்சானுக்கும், விடியவிடிய எங்களோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாய் வார்த்தையால் தீர்கிற கடன் இல்லை இது என்பது தெரியும்.

இனி சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. எங்கள் வம்சத் தாளை அச்சடிக்கப் போகிறீர்கள் என்று சர்வேயர் சொன்னார். அக்கா எழுதி வைத்த தாளை எடுத்துப் பார்த்தேன். உதவியவர்கள் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, பக்கத்தில் "கார்" என்று எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் அது உண்மை. அதில்லை நான் சொல்ல வந்தது. அக்காவின் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு இருக்கிறது. முதலில் "சம்பந்தம் வந்தது. முறை இல்லாததால் நின்றது" என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு நடுவில் "முறை இல்லாததால்" என்பதை மட்டும் ரப்பரால் அழித்திருக்கிறார்கள். அழித்த தடம் தெரிகிறது. இப்போது "சம்பந்தம் வந்தது", கொஞ்சம் வெற்றிடம், "நின்றது" என்று இருக்கிறது. சர்வேயர் அதை அக்காவின் கைப்பட இருக்கிறபடியே அச்சடிக்கலாம், அதுதான் மரியாதை என்கிறார்.

கூடாது. எந்தச் சம்பந்தமும் தானாக நிற்பதில்லை. அந்தப் பெரியவரை முழுசாகப் பேச விடாமல் நிறுத்தியவன் நான். யாரும் கூட நிற்கவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் ஒருவனே செய்தேன். அக்கா என் மனம் நோகும் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது என்னுடைய இடம். அச்சடிக்கும்போது அதில் மையில், முழுசாக, என் பெயரைப் போட வேண்டும்.